அருவிக்கு முதுகு காட்டியவர்

அக்காவோடு ஓர் அருவிக்குப் போனால் அருவியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வரலாம். நாங்களெல்லாம் அண்ணாந்து வாயைப் பிளந்து நிற்போம். அவர் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே இருக்கிற விடுதியின் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் குழாயைக் கண்ணால் பின்தொடர்ந்துகொண்டிருப்பார். குழாய் இருந்தால் பம்பு இருக்கும். பம்பு இருந்தால் மோட்டார் இருக்கும். மோட்டார் இருந்தால் அதன் விலாவில் ஒரு தகடு இருக்கும். அந்தத் தகட்டைப் படிக்காமல் அக்கா எந்த ஊரையும் பார்த்ததாக ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஹைதராபாத்தில் உப்பல் பக்கம் இருந்த ஓர் அரசு மோட்டார் தொழிற்சாலையில் நாங்கள் இருவருமே ஊழியர்கள். நான் கணக்குப் பிரிவில் குமாஸ்தா. அவர் வைண்டிங் பிரிவில், அதாவது மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி இறக்குகிற இடத்தில். காலனியில் எதிரெதிர் வீடு. என்னைவிட நாலைந்து வயது பெரியவர் என்பதால் எனக்கும் என் மனைவிக்கும் அக்கா; அவருக்கு நான் 'அக்கவுண்ட்ஸ் தம்பி'.

தொழிற்சாலையின் மாத இதழில் நான் பயணக் கட்டுரைகள் எழுதுவேன். என் கட்டுரைகளில் மேகம் எப்போதும் தவழும், ஓடை எப்போதும் சலசலக்கும், கதிரவன் தினமும் தங்கத்தை உருக்கி ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். அச்சுப்பிழை திருத்துகிறவரைத் தவிர யாரும் அவற்றைப் படித்ததாகத் தகவல் இல்லை. அக்கா மட்டும் ஒருமுறை படித்துவிட்டு, "எல்லாம் சரிதான் தம்பி, அந்த ஊர்ல கரண்ட் இருக்கா இல்லையான்னு எழுதாம விட்டுட்டியளே" என்றார்.

அவருடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து ரயில்வே வேலைக்காக செகந்திராபாத் வந்த கத்தோலிக்கக் குடும்பம். மூன்று தலைமுறையாகியும் திருநெல்வேலித் தமிழை விடவில்லை. வழியில் கிடைத்த உருதுவையும் தெலுங்கையும் வேண்டாமென்று சொல்லவும் இல்லை. வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்', நடுவில் மிச்சமிருப்பதெல்லாம் திருநெல்வேலி. அவருடைய கணவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எனக்கு அவர் அண்ணன்; அவர் வாயிலிருந்து அந்த 'ஹவ்' ஒன்றைத் தவிர நான் அதிகம் கேட்டதில்லை. குடும்பத்தோடு போய்வர அவருக்கு ரயில்வே பாஸ் வரும். பாஸ் அவருடையது, எந்த ஊர் என்பது அக்காவுடையது. எங்களுக்குத் தொழிற்சாலையின் எல்.டி.சி., அதாவது விடுப்பில் ஊர் சுற்றக் கம்பெனி தருகிற சலுகை. கோடை விடுமுறை வந்தால் இரண்டு குடும்பமும் ஒரே ரயில் பெட்டியில், ஒரே தூக்குப்பாத்திரத்துப் புளிச்சோற்றில் ஐக்கியமாகிவிடும்.

எல்.டி.சி. பில்கள் என் மேஜை வழியாகத்தான் போகும். கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்த்ததாகப் பில் கொடுத்தவர், அதே வாரம் எங்கள் ஊர் அமீர்பேட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்ததை நானே நேரில் கண்டிருக்கிறேன். இப்படிப்பட்ட உலகத்தில் பில் கொடுத்த ஊருக்கு நிஜமாகவே போய்வருகிறவர்கள் நாங்கள். காலனியில் இதற்காகவே எங்களைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

ஒருமுறை ரயிலில் கேட்டேன். "ஏன் அக்கா, பொழுதெல்லாம் மோட்டாரோட மல்லுக்கட்டறீங்க. லீவு போட்டு வந்தும் அதே மோட்டாரா?"

அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல் நுனிகளில் வார்னிஷ் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. உரித்த ஆரஞ்சிலும் அந்த வாடை லேசாக வரும்.

"தம்பி, நாங்க சுத்துறது வெறும் கூடு. அது அசெம்பிளிக்குப் போயிரும், அங்கயிருந்து டெஸ்டிங், அங்கயிருந்து பெட்டி, லாரி. ஒருநாளாவது அது ஓடி நான் பாத்திருக்கேனா? தெனமும் ஆக்கி ஆக்கி வாசல் வழியா அனுப்பிட்டே இருக்கேன். யாரு சாப்பிட்டா, உப்பு இருந்துச்சா ஒறப்பு இருந்துச்சான்னு ஒரு பய வந்து சொல்லல. எங்கயாவது ஒரு இடத்துல நம்மது ஓடிட்டு இருக்கும்லா? அதக் கண்ணால பாத்துரணும்."

"ஹவ்" என்றார் அண்ணன்.

இதற்காகவே அக்கா ஊர்களைத் தேர்ந்தெடுத்தார். எது சுற்றுகிறதோ, எது பீய்ச்சுகிறதோ, எது மேலே ஏறி இறங்குகிறதோ அந்த ஊர். குழந்தைகளுக்கும் அதேதான் பிடிக்கும் என்பதால் சண்டை வரவில்லை. மைசூர்ப் பக்கத்தில் வண்ண விளக்கு நீரூற்றுகள் உள்ள தோட்டத்துக்குப் போனோம். சிவப்பும் பச்சையுமாகத் தண்ணீர் ஆட, பிள்ளைகள் துள்ள, நான் மனசுக்குள் 'நீரணங்கின் நடனம்' என்று தலைப்பு வைத்துக்கொண்டிருந்தபோது, அக்கா பம்பு அறையின் கம்பி ஜன்னலில் முகத்தைப் பதித்து நின்றார். காவலாளி விரட்டினார். அக்கா கைப்பையிலிருந்து எங்கள் வீட்டு முறுக்கை எடுத்து அவருக்குக் கொடுத்தார். கதவு திறந்தது. உள்ளே போய்த் துடைத்துப் பார்த்தால் தகட்டில் பம்பாய்க் கம்பெனியின் பெயர்.

"பாம்பேக்காரன் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அடுத்தடுத்த வருஷங்களிலும் அப்படித்தான். ஓர் அணைக்கட்டில் ஜெர்மன்காரன். ஒரு மிருகக்காட்சிசாலையில் கோயம்புத்தூர். கோல்கொண்டா கோட்டைக்கு, உள்ளூர்தானே என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். கீழே கைதட்டினால் உச்சியில் கேட்கும் என்று பிள்ளைகள் தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்தார்கள். அக்காவுக்கு அதில் சுவாரசியம் இல்லை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாம் வெறும் கல்லாத்தானே இருக்கு" என்றார். அந்தக் காலத்திலேயே உச்சி வரைக்கும் தண்ணீர் ஏற்றினார்கள் என்று வழிகாட்டி சொன்னதும் நின்றுவிட்டார். "மோட்டார் இல்லாமலா?" அதற்கப்புறம் சுல்தான்களைப் பற்றி யாரையும் தப்பாகப் பேசவிட்டதில்லை.

இதையெல்லாம் ரசிக்காத ஆள் ஒருத்தி எங்களோடு வந்தாள். அக்காவின் மகள். கான்வெண்ட் பள்ளியில் படிக்கிற பெண். அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். அம்மா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் தெலுங்கில். பள்ளி விழாவுக்கு அக்கா ஷிஃப்ட் முடிந்து நேரே போனதில் ஒரு தோழி மூக்கைச் சுளித்து, "வாட் ஸ்மெல் இஸ் திஸ்?" என்றாளாம். அதிலிருந்து மகள் வகுப்பில் 'மம்மி ஃபேக்டரி ஆபீசில் வேலை பார்க்கிறாள்' என்று சொல்லிவைத்திருந்தாள். என்னிடம் வேறு கெஞ்சினாள்: "அங்கிள், யாராவது கேட்டா மம்மி உங்க டிபார்ட்மெண்ட்னு சொல்லுங்க." எங்கள் பிரிவு இவ்வளவு கௌரவமானது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அக்கா எங்கேயாவது வேலியைத் தாண்டும்போதெல்லாம் அவள் பின்னாலேயே ஓடுவாள். "ரா மம்மீ! அந்தரு சூஸ்துன்னாரு!" வந்துவிட வேண்டுமாம், எல்லாரும் பார்க்கிறார்களாம். "பாக்கட்டும். நானும் பாக்கத்தான் வந்தேன்" என்பார் அக்கா. தகட்டில் ஒவ்வொரு முறையும் வேறு பெயர் இருப்பதைப் பார்த்து அந்தப் பெண் வெற்றிச் சிரிப்பு சிரிப்பாள். "சீ? நாட் யுவர்ஸ்." பார், உன்னுடையது இல்லை என்று அர்த்தம். அப்போதுதான் அக்காவின் முகம் கொஞ்சம் வாடும். அவர் தேடியது தனக்காக மட்டும் இல்லை என்பது கணக்குக் குமாஸ்தாவுக்கே விளங்கிவிட்டது.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். மோட்டாரில் சுற்றிய சுருள்களின் (அதைத்தான் காயில் என்பார்கள்) தலைகள் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும். அவை அதிராமலிருக்க நாடாவால் இறுக்கிக் கட்டி, அப்புறம் வார்னிஷில் முக்கி, சூளையில் வைத்துக் காயவைப்பார்கள். அக்கா அந்தக் கட்டை மல்லிகைச் சரம் தொடுக்கிற முடிச்சில் போட்டார். சூப்பர்வைசர் வந்து, "டிராயிங்கில் இப்படி இல்லையே" என்றாராம். "டிராயிங் போட்ட சார் வீட்டுல பூ வைக்கிற பழக்கம் இல்லையோ என்னமோ. இழுத்துப் பாருங்க." அவர் இழுத்துப் பார்த்தார். கட்டு அசையவில்லை, அவர் கைதான் வழுக்கியது. கொஞ்ச நாளில் பக்கத்து மேஜை சத்தெம்மா அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டார், அப்புறம் அந்த வரிசை முழுக்க. எங்கள் தொழிற்சாலை மோட்டாரைத் திறந்தால் உள்ளே பூச்சரம் இருக்கும் என்று ஊழியர்களுக்குள் ஒரு பெருமை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. தமிழ்நாட்டு மலையூர் ஒன்றில் புதிதாக ஒரு கேளிக்கைப் பூங்கா. ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். பூங்கா முதலாளிக்கு ஞாபகசக்தி அதிகம் என்று கேள்வி. ஏரி, படகு, சறுக்குமரம், எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு ராட்சத ராட்டினம். பிள்ளைகள் ராட்டினத்தை நோக்கி ஓடினார்கள். அக்கா ராட்டினத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையை நோக்கி நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "தம்பி! தம்பி, இங்கன வாங்க!" என்று ஒரு குரல். பாம்பு கடித்துவிட்டதோ என்று ஓடினேன். அக்கா முந்தானையால் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் தொழிற்சாலையின் முத்திரை. கீழே 'ஹைதராபாத்' என்று பொடி எழுத்து. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா உள்ளங்கையை அதன் முதுகில் வைத்துக்கொண்டு நின்றார். காய்ச்சல் பார்ப்பதுபோல் இருந்தது. நானும் போய் ஒரு கையை அதன்மேல் வைத்தேன். அந்த மோட்டாரில் என் பங்கு, அதைச் சுற்றியவர்களின் பில்லைப் பாஸ் செய்ததுதான், ஆனாலும் வைத்தேன்.

மகளை இழுத்துவந்து காட்டினார். அவள் தகட்டைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். இந்த முறை 'சீ?' சொல்ல வழியில்லை. நேரே வரிசைக்குத் திரும்பினாள். வரிசையில் எங்களுக்குப் பின்னால் பெங்களூரிலிருந்து வந்த இரண்டு பெண்கள், ஒரே மாதிரி ஃபிராக். நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இவள் சட்டென்று திரும்பி, "யூ நோ, மை மதர் மேட் திஸ். த மோட்டார்" என்றாள். நான் ராட்டினத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

நானும் அவளும் ஒரு பெட்டியில் ஏறினோம். அந்த இரண்டு பெண்களும் எங்களுக்கு அடுத்த பெட்டியில். என் மனைவியும் மற்ற பிள்ளைகளும் ஏரிக்கரையில். அக்கா ஏறவில்லை. அவருக்கு உயரம் பயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். 'மோட்டாரை யாரு பாத்துக்கிடுறது?' என்பார்.

ராட்டினம் மூன்று சுற்று ஒழுங்காகச் சுற்றியது. நாங்கள் உச்சியை நெருங்கும்போது கீழே கரகரவென்று ஒரு சத்தம், ஒரு உலுக்கல், அவ்வளவுதான். நின்றுவிட்டது. டிக்கெட் கிழிப்பவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்: "மோட்டார் கருகிருச்சுய்யா! கவர்மெண்ட் சரக்கு, வேற எப்படி இருக்கும்!"

கீழ்ப் பெட்டியிலிருந்து அந்தப் பெண்கள் எட்டிப் பார்த்து, "ஹேய்! யுவர் மதர்ஸ் மோட்டார்!" என்று கைகொட்டிச் சிரித்தார்கள்.

அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. பெட்டியின் கம்பியை இறுக்கப் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், காயில் பர்ன் ஆனா... அது மம்மி தப்பா?"

பயணக் கட்டுரை எழுதுகிறவனிடம் இப்படிக் கேட்டால் என்ன செய்வான்? "அங்கே பாரும்மா, பள்ளத்தாக்கில் மேகம் எவ்வளவு அழகாகத் தவழ்கிறது" என்றேன்.

"அங்கிள், பிளீஸ்" என்றாள் அவள்.

எங்களைக் கையால் இறக்கினார்கள். ஆட்கள் சட்டத்தைப் பிடித்து இழுக்க, பெட்டி பெட்டியாகத் தரைக்கு வந்தோம். நான் கம்பியைப் பிடித்து மெல்ல இறங்கினேன். அவள் குதித்து ஓடினாள். கொட்டகையைச் சுற்றி ஒரு கூட்டம். உள்ளே பூங்காவின் எலெக்ட்ரீஷியன், நரைத்த மீசைக்காரர், மோட்டாரைக் கழற்ற ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் எதிரில் குந்தியிருந்தார். அண்ணன் பக்கத்தில் நின்றார்.

"தள்ளுங்கம்மா. இது பொம்பளைங்க பாக்குற விஷயமில்ல."

"பொம்பளைங்க செஞ்ச விஷயம் அண்ணாச்சி. தெறங்க."

அவர் ஒரு நிமிஷம் அக்காவின் விரல்களைப் பார்த்தார். அப்புறம் அண்ணனைப் பார்த்து, "நெசமாவா சார்?" என்றார்.

"ஹவ்" என்றார் அண்ணன். பிறகு, நான் அறிந்தவரை அவர் ஆயுளிலேயே நீளமான வாக்கியம் ஒன்றைச் சொன்னார்: "அவ சுத்துனா கருகாது."

இந்த வாக்கியத்தைக் கேட்டதும் அக்காவுக்கு இன்னும் பயம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். உதட்டைக் கடித்துக்கொண்டார். கருகியிருந்தால் என்ன சொல்வது? அதுவும் மகள் வந்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரே மாதிரி ஃபிராக் போட்ட இருவரும் கழுத்தை நீட்டி நிற்கிறார்கள்.

மூடி கழன்றது. முதலில் உள்ளேயிருந்து ஒரு பேரிங் துண்டு துண்டாக விழுந்தது. இரும்புக் குண்டுகள் உருண்டோடின. எலெக்ட்ரீஷியன் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, "கிரீஸ் காஞ்சு கல்லாப் போயிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "சிக்கிக்கிச்சு. காயில் நல்லாருக்கும்மா. கருகல."

"பேரிங் எங்களுது இல்ல" என்று அக்கா கூட்டத்தைப் பார்த்து அறிவித்தார். "அது வெளியில வாங்குறது. கிரீஸ் வைக்க வேண்டியது நீங்க."

"மொதலாளி வாங்கித் தரணும்ல" என்றார் எலெக்ட்ரீஷியன். கூட்டம் சிரித்தது. டிக்கெட் கிழிப்பவர் திடீரென்று ஏரிப் பக்கம் ஏதோ வேலை இருப்பது ஞாபகம் வந்து போய்விட்டார்.

டார்ச் வெளிச்சம் உள்ளே விழுந்தது. செம்மண் நிற வார்னிஷுக்கு அடியில், வட்டமாக, நெருக்கமாக, பூச்சரம். முடிச்சுக்கு முடிச்சு வரிசை பிசகாமல். எத்தனையோ பேரை மேலே தூக்கி இறக்கியிருக்கிறது. ஒரு முடிச்சு நெகிழவில்லை. மகள் கூட்டத்தை நெட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து குனிந்தாள்.

"மம்மி, இது நீங்க கட்டினதா?"

தமிழில் கேட்டாள். நான் கவனித்தேன். அக்காவும் கவனித்திருப்பார்.

ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் அக்கா என்று நான் மனசுக்குள் கதறினேன். யாருக்குத் தெரியப்போகிறது? பஸ் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்த ஊருக்கெல்லாம் ஓடை சலசலக்க வைத்தவன் நான். ஒரு 'ஹவ்' போதும். அந்தப் பெங்களூர்ப் பெண்கள் வாயடைத்துப் போவார்கள்.

அக்கா டார்ச்சை வாங்கி இன்னும் கிட்டே பிடித்தார். மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது.

"இல்லம்மா. இது சத்தெம்மா கட்டுனது. அவ எடது கைக்காரி. முடிச்சு இந்தப் பக்கமா சாயும் பாரு. என்னோடது அந்தப் பக்கம் சாயும்." விரலால் ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுக்கொண்டு போனார். "அடிப் பாவி! எவ்வளவு அழகாக் கட்டியிருக்கா. நேர்ல கேட்டா 'நாதி பாகலேது'ன்னு, தன்னுது நல்லாயில்லன்னு அழுவா. ஊருக்குப் போனதும் சொல்லணும். சத்தெம்மா, உன் மோட்டாரு மலை மேல இருக்குட்டி, பிள்ளைங்களத் தூக்கிட்டு இருக்குட்டின்னு சொல்லணும்."

தன் பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்தால்கூட அக்கா இப்படிச் சிரித்திருப்பாரா என்று தெரியவில்லை. அந்தப் பெண் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, பாவாடை மண்ணைத் தட்டிக்கொண்டு, பின்னால் நின்றவர்களிடம் இங்கிலீஷில் விளக்கினாள். இது சத்தெம்மா ஆன்ட்டி சுற்றியது. அந்த முடிச்சைக் கண்டுபிடித்தது என் அம்மா. உடைந்தது பேரிங்; அது எங்களுடையது இல்லை.

'எங்களுடையது' என்று சொன்னாள். வைண்டிங் பிரிவில் அன்றைக்கு ஓர் ஆள் கூடிவிட்டது. கணக்குப் பிரிவுக்கு நஷ்டம்தான்; நான் வருத்தப்படவில்லை.

கீழ் ஊருக்கு ஆள் போய்ப் பேரிங் வாங்கிவந்து, கிரீஸும் சேர்த்துத்தான், மாட்டி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. எல்லாரும் காத்திருந்தோம். ராட்டினம் காலியாக ஒரு சுற்று சுற்றிக் காட்டியது. எலெக்ட்ரீஷியன் வெளியே வந்து, "அம்மா, மொத சவாரி நீங்கதான். காசு கெடையாது" என்றார்.

"நக்கோ, நக்கோ. மோட்டாரை யாரு பாத்துக்கிடுறது?"

"நீங்க போங்க மம்மி" என்றாள் மகள். "நான் பாத்துக்கறேன்."

அதற்குமேல் அக்காவிடம் காரணம் கைவசம் இல்லை. துணைக்கு என்னை ஏற்றினார்கள். பெட்டி அசைந்ததும் அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார், கண்களையும் மூடிக்கொண்டார். மேலே ஏறினோம். மலைகளெல்லாம் நீலமாக அடுக்கடுக்காக நின்றன. ஏரி செம்பு நிறத்தில் கிடந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாகக் கதிரவன் நிஜமாகவே தங்கத்தை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தான். ஜன்னல் இல்லை, பஸ் இல்லை, நான் நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கொட்டகை வாசலில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்க்க வந்தவர்களை அந்தப் பெண் தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கண்ணைத் திறங்க. எவ்வளவு அழகு பாருங்க! அந்த மேகத்தைப் பாருங்க, அது..."

"தம்பி, கொஞ்சம் பேசாம வாங்க" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமல். "உங்க பேச்சுல சத்தெம்மா மோட்டார் சத்தம் கேக்கல."